சீழ்க்கொப்புளச் சொரியாசிஸ்: இனத்துக்கு இனம் மாறும் நோயா?

மாசி மகத்தன்று புதுச்சேரி வைத்திக்குப்பம் கடற்கரையில் நீங்கள் நின்றதுண்டா? சுற்றுவட்டாரத்துக் கோயில்களின் உற்சவ மூர்த்திகள் ஒவ்வொன்றாகக் கடலோரம் வந்து சேர, தீர்த்தவாரி நடைபெறும். குப்பத்து மீனவர் குடும்பங்கள், மாட்டு வண்டியிலும் பேருந்திலும் வந்த கிராமத்து மக்கள், நகரத்து மாணவர்கள், வேடிக்கை பார்க்கும் வெளிநாட்டார் என்று கரை நிறைந்திருக்கும். கூட்டத்தின் தோலை மட்டும் கவனியுங்கள். வெயிலில் காய்ந்த கருநிறம், மாநிறம், பொன்னிறம், வெள்ளை நிறம் என எத்தனை வகை!

இப்போது ஒரு கேள்வி. இக்கூட்டத்தில் ஒருவரைக் காட்டி, ‘இவர் இன்ன இனத்தவர், ஆகவே இந்நோய் இவருக்கு எளிதில் வரும், அந்நோய் வராது’ என்று சொல்லிவிட முடியுமா? முடியும் என்று பலர் எண்ணுகின்றனர். மருத்துவ நூல்களிலும் ‘இந்நோய் ஆசியரிடம் மிகுதி’ என்பது போன்ற வாசகங்கள் உண்டு. அவ்வாசகத்தின் பொருள் என்ன? அரிய தோல் நோய் ஒன்றின் வரலாற்றைத் துணைக்கொண்டு இதனை ஆராய்வோம். அந்நோயின் பெயர் சீழ்க்கொப்புளச் சொரியாசிஸ்.

தொழுநோயினின்று பிரிந்த நோய்

சொரியாசிஸ் நம் நாட்டுக்குப் புதிய நோயன்று. சித்த மருத்துவர்கள் இதனைக் காளாஞ்சகப்படை என்பர். முழங்கை, முழங்கால், தலை முதலிய இடங்களில் தடித்த படை தோன்றி, அதிலிருந்து வெள்ளிநிறச் செதில்கள் உதிரும். நெடுங்காலம் ஐரோப்பிய மருத்துவர்கள் இதனைத் தொழுநோயோடு சேர்த்துக் குழப்பிவந்தனர். 1841-ஆம் ஆண்டில் வியன்னா நகரத்துத் தோல் மருத்துவர் ஃபெர்டினாண்ட் ஹீப்ரா இவ்விரண்டும் வெவ்வேறு நோய்கள் என்று தெளிவாகப் பிரித்துக் காட்டினார். அதற்குள் எத்தனை நோயாளிகள் செய்யாத குற்றத்துக்கு ஊரை விட்டு ஒதுக்கப்பட்டிருப்பர் என்பதை எண்ணிப் பாருங்கள்!

அதே ஹீப்ரா 1872-இல் வேறொரு கொடிய காட்சியை எழுதிவைத்தார். கருவுற்ற பெண்கள் ஐவருக்கு உடலெங்கும் சீழ்க் கொப்புளங்கள் கொத்துக்கொத்தாக எழும்பின. கடும் காய்ச்சலும் சேர்ந்துகொண்டது. ஐவருள் நால்வர் இறந்தனர். 1890-இல் பாரிஸ் நகரத்து மருத்துவர் ஹாலோபோ, விரல் நுனிகளில் தொடங்கி நகங்களையே அழித்துவிடும் கொப்புள நோய் ஒன்றை விவரித்தார். 1910-இல் லியோ ஃபான் சும்புஷ் என்னும் மருத்துவர், உடன்பிறந்த அண்ணன் தங்கை போன்ற இருவரிடம், அதாவது ஒரே தாய் வயிற்றுப் பிள்ளைகளான ஓர் ஆணிடமும் ஒரு பெண்ணிடமும், சொரியாசிஸ் திடீரென்று உடல் முழுதும் பரவும் சீழ்க் கொப்புளங்களாக மாறுவதைக் கண்டு எழுதினார். உடல் முழுதும் பரவும் இவ்வகைக்கு இன்றும் அவர் பெயர் வழங்குகிறது. உடன்பிறந்தார் இருவருக்கு ஒரே அரிய நோய் என்ற செய்தியை நினைவில் வையுங்கள். அதன் பொருள் விளங்க இன்னும் நூறாண்டுகள் வேண்டியிருந்தன.

கிருமி இல்லாத சீழ்

சீழ் என்றதும் கிருமி என்றுதான் நமக்குத் தோன்றும். முள் குத்தினால் சீழ் பிடிக்கிறது. அதில் கிருமிகள் உள்ளன. ஆனால் இந்நோயின் கொப்புளத்திலுள்ள நீரை எடுத்து ஆய்வுக்கூடத்தில் வளர்த்தால் எக்கிருமியும் வளர்வதில்லை. அது முழுக்க முழுக்க நியூட்ரோபில் எனப்படும் வெள்ளணுக்களின் குவியல். படையெடுத்த பகைவன் யாருமில்லை; ஆயினும் உடலின் காவற்படை தோலுக்குள் வந்து குவிந்துவிட்டது!

ஆகவே இந்நோய் தொட்டால் ஒட்டாது. ஒரே பாயில் படுத்தாலும், ஒரே குவளையில் நீர் அருந்தினாலும் ஒட்டாது. ஆனால் நோயாளிக்கோ ஆபத்து பெரிது. தோல் உரிந்து உடல்நீர் வெளியேறும். உடல் வெப்பம் நிலைகுலையும். இரத்தத்தில் கால்சியம் குறையும். பிற கிருமிகள் புண்ணின் வழியே இரத்தத்தில் புகலாம். இதயமும் சிறுநீரகமும் தளரலாம். உடல் முழுதும் பரவும் வகை உயிரையே பறிக்கக்கூடியது. உள்ளங்கை, உள்ளங்காலோடு நின்றுவிடும் வகை உயிருக்கு ஆபத்தில்லாதது. ஆயினும் நடப்பதையும் கைத்தொழிலையும் துன்பமாக்கிவிடும்.

இரண்டு நாடுகளின் கணக்கு

இனி எண்களுக்கு வருவோம். ஜப்பானில் நாடு தழுவிய ஆய்வொன்று நடத்தி அதன் முடிவை 1996-இல் வெளியிட்டனர். உடல் முழுதும் பரவும் சீழ்க்கொப்புளச் சொரியாசிஸ் பத்து லட்சம் பேரில் 7.46 பேருக்கு இருந்தது. பிரான்சில் தோல் மருத்துவத் துறைகளைக் கேட்டு நடத்திய ஆய்வின் முடிவு 2006-இல் வெளியாயிற்று. அங்கே பத்து லட்சத்துக்கு 1.76 பேர். ஜப்பானின் எண் பிரான்சின் எண்ணைப் போல் நான்கு மடங்கு!

‘அப்படியானால் ஜப்பானியரின் தோலே நோய்க்கு எளிதில் இடங்கொடுக்கும் தோல்’ என்று முடிவுகட்டலாமா? பொறுங்கள். சாதாரணச் சொரியாசிஸின் கணக்கைப் பாருங்கள். பிரிட்டன் போன்ற ஐரோப்பிய நாடுகளில் நூற்றுக்கு ஏறக்குறைய இருவருக்கு அது உண்டு. ஜப்பானில் நாடளாவிய காப்பீட்டுப் பதிவுகளைக் கொண்டு கணக்கிட்டு 2015-இல் வெளியான ஆய்வு கண்ட அளவோ 0.34 விழுக்காடு, ஆயிரத்துக்கு மூன்று நான்கு பேர்தாம். செதில் படையில் ஐரோப்பியர் முந்துகின்றனர். சீழ்க் கொப்புளத்தில் ஜப்பானியர் முந்துகின்றனர். ஒரே நோயின் இரு வடிவங்கள் என்று எண்ணியவை எதிரெதிர்த் திசையில் செல்கின்றன. ‘வலிமையான இனம், வலுவற்ற இனம்’ என்ற பேச்சுக்கு இங்கே இடமே இல்லை.

இன்னொன்றும் கவனிக்க வேண்டும். புதுச்சேரி யூனியன் பிரதேசத்தில் 2011-ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி 12,47,953 மக்கள். ஜப்பானின் விகிதத்தைப் பொருத்தினால் இங்கே நோயாளிகள் ஏறக்குறைய 9 பேர் இருக்க வேண்டும். பிரான்சின் விகிதப்படி இருவர். ஒரு காலத்தில் பிரெஞ்சுக்காரர் ஆண்ட ஊர் என்பதற்காகப் பிரெஞ்சு எண்ணையோ, ஆசியாவில் உள்ளது என்பதற்காக ஜப்பானிய எண்ணையோ எடுத்துக்கொள்ள நமக்கு உரிமையில்லை. நம்முடைய எண்ணை நாமே எண்ணிப் பெற வேண்டும்.

எண்ணுவதும் எளிதன்று. ஜப்பானிய அரசு இந்நோயைக் கடினமான அரிய நோய்களின் பட்டியலில் சேர்த்துச் சிகிச்சைச் செலவில் பங்கேற்கிறது. உதவி கிடைக்கும் இடத்தில் நோயாளி பதிவு செய்துகொள்கிறார், எண்ணிக்கை முழுமையாகிறது. இந்தியாவிலோ சாதாரணச் சொரியாசிஸுக்கே 0.44 முதல் 2.8 விழுக்காடு வரை பல எண்கள் சொல்லப்படுகின்றன. இவை பெரும்பாலும் மருத்துவமனைப் பதிவேடுகளிலிருந்து எடுத்தவை. மருத்துவமனைக்கு வந்தவர் கணக்கு வேறு. ஊரில் உள்ளவர் கணக்கு வேறு. கரைக்கு வந்த மீனை மட்டும் எண்ணிக் கடலில் உள்ள மீனைச் சொல்ல முடியுமா?

பழுதான தடைக்கட்டை

சும்புஷ் கண்ட உடன்பிறந்தாரின் புதிருக்கு 2011-இல் விடை கிடைத்தது. துனிசிய, பிரெஞ்சு ஆராய்ச்சியாளர்கள் துனிசியாவில் இந்நோய் பலருக்குக் கண்ட ஒன்பது குடும்பங்களின் மரபணுக்களை ஆராய்ந்தனர். நோயாளிகளிடம் ஒரு குறிப்பிட்ட மரபணுவில் பிழை இருந்தது. ஐ.எல். 36 ஆர்.என். என்பது அதன் சுருக்கப் பெயர்.

இம்மரபணுவின் வேலை என்ன? நம் தோலில் காயமோ கிருமியோ பட்டால் இன்டர்லூக்கின்-36 என்னும் செய்திப் பொருள் சுரக்கிறது. அது வெள்ளணுக்களைக் கூவி அழைக்கும் அபாயச் சங்கு. சங்கு ஒலித்துக்கொண்டே இருந்தால் ஊர் தாங்குமா? ஆகவே, சங்கை அடக்க ஒரு தடைப் பொருளையும் உடலே செய்துவைத்துள்ளது. அத்தடைப் பொருளைச் செய்யும் குறிப்புதான் மேற்சொன்ன மரபணு. குறிப்பில் பிழை வந்தால் தடை வேலை செய்யாது. சிறு காய்ச்சல், ஒரு மருந்து, கருவுறுதல் என ஏதேனும் ஒன்று சங்கை ஊதிவிட்டால் அடக்குவார் இல்லை. வெள்ளணுக்கள் தோலில் வந்து குவிகின்றன, கொப்புளம் எழுகிறது.

இங்கேதான் நம் கேள்விக்கு ஒளி கிடைக்கிறது. துனிசியக் குடும்பங்களில் அத்தடைப் புரதத்தின் 27-ஆவது இடத்தில் லியூசின் இருக்க வேண்டிய இடத்தில் புரோலின் இருந்தது. அதே 2011-இல் ஐரோப்பிய நோயாளிகளை ஆராய்ந்தபோது, 113-ஆவது இடத்தில் செரினுக்குப் பதில் லியூசின் இருந்தது. ஜப்பானியர், சீனர் ஆகியோரிடம் பெரிதும் காணப்படுவதோ மூன்றாவது வகை: மரபணுச் செய்தியை வெட்டி ஒட்டும் இடத்துக்கு அருகில் ஒரே ஓர் எழுத்து மாறியிருக்கிறது, அதனால் செய்தியின் ஒரு பகுதியே விடுபட்டுப்போகிறது. மூன்று நாட்டாருக்கும் பழுதானது ஒரே தடைக்கட்டைதான். விரிசல் விட்ட இடம் மட்டும் வேறு வேறு.

இனமா, மூதாதையின் சுவடா?

இவ்வேறுபாடு எப்படி உண்டாயிற்று? ஓர் உவமை சொல்வோம். ஒரு குப்பத்தில் முன்னொரு காலத்தில் ஒருவர் வலை பின்னும்போது முடிச்சொன்றைத் தவறாகப் போட்டார் என்று வைத்துக்கொள்ளுங்கள். அவரிடம் கற்ற பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் அதே தவற்றைச் செய்வர். சில தலைமுறைகள் சென்றபின் அம்முடிச்சைப் பார்த்தே ‘இது இன்ன குப்பத்து வலை’ என்று சொல்லிவிடலாம். அதனால் அக்குப்பத்தார் அனைவரும் வலை பின்னத் தெரியாதவர் ஆகிவிடுவரா? அவ்வாறே, பல தலைமுறைகளுக்கு முன் ஒரு மூதாதையிடம் நேர்ந்த எழுத்துப்பிழை அவர் வழித்தோன்றல்களிடம் பரவுகிறது. ஜப்பானியரிடம் காணும் பிழைகள் இவ்வாறு பொது மூதாதையரிடமிருந்து வந்தவை என்று ஆய்வுகள் காட்டியுள்ளன.

தோலின் நிறத்துக்கும் மூக்கின் வடிவுக்கும் இப்பிழையோடு தொடர்பு இல்லை. ‘ஆசியர்’ என்று ஒரே சொல்லில் ஜப்பானியரையும் தமிழரையும் அடக்கிவிடுவது நிலப்படத்துக்குப் பொருந்தலாம், மரபணுவுக்குப் பொருந்தாது. ஜப்பானியரிடம் மிக அரிதாக உள்ளதும், ஐரோப்பியரிடமும் இந்தியரிடமும் பரவலாக உள்ளதுமான எச்.எல்.ஏ.-சி.டபிள்யூ.6 என்னும் மரபுக் குறி, சாதாரணச் சொரியாசிஸோடு நெருங்கிய தொடர்புடையது. இவ்வகையில் நாம் ஜப்பானியரைவிட ஐரோப்பியரையே ஒத்திருக்கிறோம்!

துனிசியக் குடும்பங்களிடமிருந்து நாம் கற்க வேண்டிய பாடம் ஒன்று உண்டு. அங்கே நோயாளிகள் பிழையான படியைத் தாய், தந்தை இருவரிடமிருந்தும் பெற்றிருந்தனர். ஒரு படி மட்டும் பிழையானால் பொதுவாக மற்றப் படி காப்பாற்றிவிடும். நெருங்கிய உறவில் மணம் செய்யும்போது, ஒரே மூதாதையின் பிழை இருபுறமும் வந்து சேரும் வாய்ப்பு கூடுகிறது. அத்தை மகள், மாமன் மகள், அக்காள் மகள் என்று மணம் முடிக்கும் வழக்கம் தமிழ்நாட்டிலும் புதுவையிலும் நெடுநாளாக உள்ளது. இன்ன சாதி, இன்ன இனம் என்று கேட்பதைவிட, ‘உங்கள் தாய் தந்தையர் மணத்துக்கு முன்பே உறவினரா?’ என்று கேட்பது மருத்துவருக்கு மிகுந்த பயன் தரும்.

இம்மரபணு ஒன்றே முழு விடையும் அன்று. பல நோயாளிகளிடம் இதில் எந்தப் பிழையும் காணப்படவில்லை. 2014-இல் வேறொரு மரபணுவில் ஐரோப்பிய வழியினரிடம் மட்டும் சில பிழைகள் கண்டுபிடிக்கப்பட்டன. பிறப்பு பாதி என்றால், பிறந்தபின் நேர்வது மறுபாதி.

ஜோகூர் தரும் பாடம்

அம்மறுபாதியைக் காண மலேசியாவுக்குச் செல்வோம். மலாய்க்காரரும் சீனரும், தமிழரைப் பெரும்பான்மையாகக் கொண்ட இந்திய வழியினரும் ஒரே மருத்துவமனையின் வாசலில் காத்திருக்கும் நாடு அது. ஜோகூர் மாநிலத்துப் பெரிய மருத்துவமனை ஒன்றில், வயது வந்தபின் இந்நோய் கண்ட 102 பேரின் வரலாறு 2014-இல் வெளியாயிற்று. ஆண்களைப் போல் இரு மடங்கு பெண்கள். நோயைக் கிளப்பிவிட்டவை எவை என்று தேடியபோது 17 பேருக்குக் கருவுற்ற நிலை, 16 பேருக்கு மூக்கு, தொண்டைத் தொற்று. ஆனால் 45 பேருக்கு? உடலுக்குள் செலுத்தப்பட்ட ஸ்டீராய்டு மருந்து!

இது புதுச் செய்தியுமன்று. 1968-இலேயே பிரிட்டனில் பேக்கர், ரயன் என்னும் மருத்துவர்கள் 104 நோயாளிகளை ஆராய்ந்து இம்மருந்தின் பங்கைச் சுட்டினர். ஸ்டீராய்டு மாத்திரையோ ஊசியோ தொடங்கியதும் செதில் படை மாயம்போல மறைகிறது. ‘அடடா, கைராசிக்காரர்!’ என்று மருந்து தந்தவரைப் புகழ்கிறோம். மருந்தை நிறுத்தியதும் அடங்கியிருந்த நோய் சீழ்க் கொப்புளமாக வெடிக்கிறது. பெயர் எழுதாத பொட்டலத்தில் தரும் மாத்திரையிலும், ‘ஒரே ஊசியில் குணம்’ என்னும் வாக்குறுதியிலும் இவ்வாபத்து ஒளிந்திருக்கலாம். இது மலாய்க்காரர், சீனர், தமிழர் என்று பார்த்து வருவதன்று. மரபணுவை நாம் மாற்ற இயலாது. மருந்துச் சீட்டை மாற்ற இயலும்.

மாநிறத் தோலும் மருத்துவ நூலும்

இனவேறுபாடு உண்மையிலேயே குறுக்கிடும் இடம் ஒன்று உண்டு. அது நோயில் அன்று, நோயைப் பார்க்கும் கண்ணில். வியன்னாவிலும் பாரிசிலும் எழுதிய நூல்கள் ‘தோல் செக்கச் சிவந்து, அதன்மேல் கொப்புளம் எழும்’ என்று கூறும். வெள்ளைத் தோலில் அச்சிவப்பு பளிச்சென்று தெரியும். வைத்திக்குப்பத்துக் கடல் வெயிலில் உழைக்கும் ஒருவரின் தோலில் அது சிவப்பாகத் தெரியாது. கருஞ்சிவப்பாகவோ ஊதா கலந்த பழுப்பாகவோ தெரியும். படத்தில் கண்ட சிவப்பையே தேடுபவர் நோயைத் தவறவிடுவார். ‘சூட்டுக் கொப்புளம்’, ‘அம்மை’ என்று சொல்லி நாள் கடத்திவிடலாம். ஆகவே நம்மைப் போன்ற தோலில் தொட்டுப் பார்க்க வேண்டும்: சூடும் வலியும் உள்ளதா, ஊசிமுனை அளவு மஞ்சள் கொப்புளங்கள் ஒன்றோடொன்று சேர்ந்து குளம்போல் ஆகின்றனவா, காய்ச்சல் உண்டா என்று பார்க்க வேண்டும்.

நாம் செய்ய வேண்டியவை

பழைய அச்சம் இன்று தேவையில்லை. ரெட்டினாய்டு வகை மருந்துகள், மெதோட்ரெக்சேட், சைக்ளோஸ்போரின் முதலியன பயன்படுகின்றன. ரெட்டினாய்டு வகையைச் சேர்ந்த அசிட்ரெடின் கருவை ஊனப்படுத்தக் கூடியது. அதனை உட்கொண்ட பெண்கள் நிறுத்திய பிறகும் 3 ஆண்டுகள் கருவுறலாகாது. மரபணு ஆராய்ச்சியின் நேரடிப் பயனாக இன்டர்லூக்கின்-36 ஏற்பியை அடைக்கும் ஸ்பெசோலிமாப் என்னும் மருந்து உருவாயிற்று. 2021-இல் வெளியான சோதனையில் அதனைப் பெற்ற 35 பேரில் 19 பேருக்கு ஒரே வாரத்தில் கண்ணுக்குத் தெரியும் கொப்புளங்கள் மறைந்தன. போலி மருந்து பெற்ற 18 பேரில் ஒருவருக்கே மறைந்தன. 2022-இல் அமெரிக்காவும் ஜப்பானும் இதற்கு அனுமதி அளித்தன. மரபணுப் பிழை உள்ளவருக்கும் இல்லாதவருக்கும் இது பயன்பட்டது என்பது குறிப்பிடத்தக்கது. விரிசல் எங்கே விட்டிருந்தாலும் சங்கின் வாயை அடைத்தால் ஓசை நிற்கிறதல்லவா?

புதுச்சேரிக்கு இத்துறையில் நீண்ட மரபு உண்டு. 1823-இல் பிரெஞ்சுக்காரர் தொடங்கிய மருத்துவப் பள்ளியின் வழியில் 1956-இல் தன்வந்திரி மருத்துவக் கல்லூரி அமைந்தது. அதுவே 1964-இல் ஜிப்மர் ஆயிற்று. வைத்திக்குப்பத்திலிருந்து கோரிமேட்டுக்கு ஒரு பேருந்துப் பயணத் தொலைவுதான். தொலைவு தடையன்று, தயக்கம்தான் தடை.

ஆகவே வாசகர்களே, நான்கு செய்திகளை மறவாதீர்கள். உடலெங்கும் சிறு சீழ்க் கொப்புளங்களும் காய்ச்சலும் சேர்ந்து கண்டால், அதுவும் கருவுற்ற பெண்ணுக்குக் கண்டால், அன்றே பெரிய மருத்துவமனைக்குச் செல்க. சொரியாசிஸ் உள்ளவர் தோல் மருத்துவரைக் கேளாமல் ஸ்டீராய்டு மாத்திரையோ ஊசியோ ஏற்கலாகாது. ஏற்கெனவே எடுத்துவருபவர் தாமாகத் திடீரென்று நிறுத்தவும் கூடாது. குடும்பத்தில் வேறு எவருக்கேனும் இருந்ததா, பெற்றோர் உறவு மணம் செய்தவரா என்பதை மருத்துவரிடம் மறைக்காமல் சொல்க. நோயாளியின் தட்டையும் பாயையும் ஒதுக்கி வைக்காதீர்கள். அச்சீழில் கிருமி இல்லை.

அடுத்த மாசி மகத்தில் வைத்திக்குப்பம் கடற்கரையில் நிற்கும்போது அக்கூட்டத்தை மீண்டும் பாருங்கள். ஒவ்வொருவர் உடலிலும் முன்னோர் விட்டுச்சென்ற எழுத்துப்பிழைகள் சில இருக்கத்தான் செய்கின்றன. எவர் தோலின் நிறத்திலும் அவை எழுதப்பட்டிருக்கவில்லை.